தோல் இல்லாத பூ

நிலவறைக்குள்ளிருந்து ஒரெஸ்தே போட்ட கூச்சல் முற்றத்தைத் தாண்டி டெல்ஃபினாவின் அடுப்படிக்கே வந்துவிட்டது.

“அண்ணி! பூத்திருச்சு அண்ணி! சீக்கிரம் வாங்க!”

மக்காச்சோளக் களியைக் கிளறிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே சட்டியில் விட்டாள். அந்தக் கூச்சலைக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து கேட்டுவருகிறாள். குளிர்காலத்தில் பன்றி அறுத்து, இறைச்சியைக் கொத்தி, மிளகும் வைனும் பிசைந்து, குடலில் அடைத்து, நிலவறைக் கழிகளில் சலாமியாகத் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நாளில் குடல்தோலின் மேல் மாவு தூவினாற்போல வெள்ளைப் பூசணம் படரும். படர்ந்தால் சலாமி தேறிவிட்டது. அந்த வெள்ளையைக் கண்டதும் ஒரெஸ்தே இப்படித்தான் கத்துவான், வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி.

ஆனால் இது குளிர்காலம் இல்லை. இந்த நாட்டில் குளிர் ஜூனில்தான் தொடங்கும்; ஏப்ரலே இன்னும் முடியவில்லை. பன்றிகள் பட்டியில் உயிரோடு உறுமிக்கொண்டிருந்தன. நிலவறைக் கழிகளில் இப்போது தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய கஞ்சாச் செடி.

முழங்கால் வலியை மறந்து முற்றத்தில் இறங்கி ஓடினாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான். நடுவில் ஓர் அத்திமரம், ஒரு டிராக்டர் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் பழைய புகையிலைச் சூளை. அதற்குப் பிறகு நிலம் ஓவன்ஸ் ஆறுவரைக்கும் சரிந்து இறங்கும். இரண்டு தலைமுறைக்காலம் அது முழுக்கப் புகையிலை. அரசாங்கம் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு மாடு மேய்கிறது. வீட்டை ஒட்டிய துண்டில் மட்டும் தக்காளி, கசப்புக் கீரை, பீன்ஸ். பீன்ஸுக்கு ஊன்றிய கம்புகளுக்கு நடுவே இந்த வருஷம் இரண்டு கஞ்சாச் செடி; ஒன்றை அறுத்து நிலவறையில் தொங்கவிட்டாயிற்று.

எல்லாம் இலாரியோவுக்காக. அவள் புருஷன். போன வருஷம் அவன் வயிற்றில் பாதியை அறுத்து எடுத்தார்கள். மீதிப் பாதிக்கு மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து ஏறத் தொடங்கிய நாளிலிருந்து தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வாந்திக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் சேர்த்தே வாந்தி எடுத்தான். மலைமேல் ஆடு வளர்க்கும் ஒருத்தி கேள்விப்பட்டு வந்து ஒரு ஜாடி கஞ்சா கொடுத்துவிட்டுப் போனாள். சாப்பாட்டுக்கு முன்னால் பைப்பில் இரண்டே இழுப்பு. அன்றைக்கு அவன் ஒரு தட்டுக் களியைத் தின்றுவிட்டு, பாலாடைக்கட்டி எங்கே என்று கேட்டான். டெல்ஃபினா திரும்பி நின்று அடுப்பைத் துடைக்கிற மாதிரி நெடுநேரம் துடைத்தாள்.

அந்த ஜாடியில் இப்போது அடித்தூள்தான் மிச்சம். ஆட்டுக்காரியின் தோட்டத்தைப் போலீஸ் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இந்த இரண்டு செடியும் ஒழுங்காகக் காய்ந்து பாடமானால் இலாரியோ சாப்பிடுவான். கெட்டுப்போனால் அடுத்த இலையுதிர்காலம்வரை கையில் ஒன்றும் இல்லை. அதுவரை அவன் உடம்பு தாங்காது. இப்போதே ஆணியில் மாட்டிய கோட்டு மாதிரிதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

நிலவறையில் ஒரெஸ்தே பல்பை ஏற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? என் நிலவறைக்கு ஒரு கைராசி உண்டு அண்ணி. எதைத் தொங்கவிட்டாலும் பூக்கும். சாக்ஸைத் தொங்கவிட்டாக்கூடப் பூக்கும்.”

கழிகளில் கிளைகள் தலைகீழாகத் தொங்கின. ஒரு மூலையில் போன வருஷத்துச் சலாமி மூன்று, வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி. அதற்கு அடுத்த கிளையிலிருந்து தொடங்கி, மொட்டுகளின் மேல் அதே வெள்ளை.

ஒரு கணம் அவளுக்கும் சந்தோஷம்தான் வந்தது. பிற்பாடு அதை நினைத்து நினைத்துத் தன் தலையிலேயே குட்டிக்கொள்வாள். ஆனால் அந்த ஒரு கணம் வந்தது உண்மை. அவளும் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து வயிறு நிறைந்தவள்தானே. அப்புறம் ஒரு மொட்டைப் பிடித்து விரலால் பிளந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் சிலந்திக்கூடு மாதிரி நூல். மூக்கில் வைத்தாள். செடியின் காரமான பிசின் வாடை எங்கேயோ அடியில் கிடந்தது. மேலே அடித்தது ஈரக் கோணியின் வாடை.

“ஒரெஸ்தே.”

“சொல்லுங்க அண்ணி.”

“இந்தக் கழியை எப்பக் கழுவினே?”

அவன் முகத்தில் அடிவாங்கிய மாதிரி ஒரு மாறுதல். “கழுவுறதா? யாராச்சும் சலாமிக் கழியைக் கழுவுவாங்களா? எங்கப்பா காலத்துக் கழி. அதுல இருக்கற பூசணத்துலதானே புதுச் சலாமி பூக்குது. கழுவினா அதிர்ஷ்டம் போயிடும்.”

“அந்த அதிர்ஷ்டம்தான் இப்ப என் செடி மேல ஏறி உக்காந்திருக்கு.”

ஒரெஸ்தே மொட்டை வாங்கிப் பார்த்தான், மோந்தான். சிரிப்பு அடங்கியது. ஆனாலும் விடவில்லை. “வினிகர்ல துணியை நனைச்சுத் துடைச்சா போச்சு. சலாமிக்கு அப்படித்தானே செய்றோம்?”

“சலாமிக்குத் தோல் இருக்குடா. உரிச்சு எறிஞ்சுட்டு உள்ளே இருக்கறதைத் தின்னலாம். இதுக்குத் தோல் எங்க இருக்கு? காட்டு, உரிக்கிறேன்.”

“கெட்டுப்போன பாகத்தை வெட்டிட்டு…”

“மருந்து ஏத்துற உடம்புக்குப் பூசணம் புடிச்ச ரொட்டியைக்கூடப் பக்கத்துல வைக்காதேன்னு நர்ஸ் சொன்னா. இதைப் பத்தவச்சு அவன் நெஞ்சுக்குள்ளே அனுப்பவா? புத்துநோய்க்குப் பொழைச்சவனை நான் பூசணத்துல கொல்லவா?”

ஒரெஸ்தே மொட்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். இங்கே தொங்கவிடச் சொன்னது அவன்தான். ரோட்டிலிருந்து தெரியாது, வாடை வெளியே போகாது, இந்த நிலவறைக்குள் எந்த அதிகாரியும் கால் வைத்ததில்லை என்றான். அது நிஜம். கணக்கில் காட்டாத புகையிலை மூட்டைகள் எத்தனையோ வருஷம் இங்கே பத்திரமாகத் தூங்கியிருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு ஒளித்துவைப்பது மூச்சு விடுவதைப்போல. டெல்ஃபினாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். காற்றே போகாத இடத்தில் ஈரச் செடியைக் கொண்டுபோய் அடைத்தோமே என்று இப்போது புரிந்து என்ன.

அத்தனை கிளையையும் கழற்றினாள். நன்றாக இருப்பது போலத் தெரிந்த கிளைகளையும் விடவில்லை. முற்றத்து இரும்புப் பீப்பாயில் திணித்து, மேலே திராட்சைக் குச்சிகளைப் போட்டுப் பற்றவைத்தாள். புகை முதலில் வெள்ளையாக எழும்பி, அத்திமரத்தைச் சுற்றிக்கொண்டு, அப்புறம் ஆற்றுப் பக்கம் சாய்ந்து ரோட்டைப் பிடித்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இலாரியோ கண்ணாடியைத் தட்டினான். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னா எரியுது?”

“உன் சாப்பாடு.”

அவன் கொஞ்சநேரம் மூக்கை உறிஞ்சினான். “நல்ல வாசனை. ஊருக்கெல்லாம் போகுது. எனக்கு மட்டும்தான் இல்லை.”

“இன்னொரு செடி நிக்குது.”

“அதையும் ஒரெஸ்தே கையில குடுத்துறாதே.”

“என் காது கேக்குதுண்ணே!” என்றான் ஒரெஸ்தே பீப்பாய்ப் பக்கத்திலிருந்து.

“கேக்கணும்னுதான் சொன்னேன்.”

புகை ரோட்டுக்குப் போனால் போலீஸ் வராமல் இருக்குமா? மத்தியானத்துக்குள் வண்டி வந்து நின்றது. சார்ஜென்ட் ரட்லெட்ஜ். நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சின்ன வயசு, நெடுநெடு உயரம். சட்டையை இஸ்திரி போட்டே உடுத்துகிறவன். பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தான். சாம்பலுக்கு நடுவே எரியாத காம்பு ஒன்றைக் குச்சியால் தூக்கினான்.

“இது என்னம்மா?”

“பூசணம் புடிச்ச கஞ்சா.”

ஒரெஸ்தே கண்ணை மூடிக்கொண்டான். இந்தக் குடும்பத்தில் அதிகாரி கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது இதுவே முதல்முறை.

ரட்லெட்ஜும் எதிர்பார்க்கவில்லை. குச்சியைக் கீழே போட்டான். “இது குத்தம்னு தெரியுமில்லையா?”

“தெரியும். அதான் எரிச்சுட்டேனே. நீங்க புடுங்கிட்டுப் போய் என்னா பண்ணுவீங்க, எரிக்கத்தானே செய்வீங்க? உங்களுக்கு வேலை மிச்சம்.”

அவன் பார்வை தோட்டத்துக்குப் போனது. பீன்ஸ் கொடி காய்ந்து பழுத்துவிட்ட காலம். மறைப்புக்கு ஒன்றும் இல்லை. காய்ந்த கம்புகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குப் பச்சையாக ஒரே ஒரு செடி, மொட்டுக் கனத்தில் தலை சாய்த்து நின்றது.

“அது?”

“அதுவும் அதுதான். பூசணம் இல்லாதது.”

அவன் பெருமூச்சு விட்டான். அப்புறம்தான் ஜன்னலுக்குப் பின்னால் இலாரியோவைக் கண்டான். இலாரியோ கையைத் தூக்கி, பாதிரியார் ஆசி கொடுப்பது போலக் காற்றில் ஒரு சிலுவை போட்டான். ரட்லெட்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இங்க பாருங்கம்மா. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. ரோடு முழுக்க வாடை. மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. அடுத்த வாரம் வருவேன். அப்ப அந்தச் செடி அங்க நிக்கக் கூடாது.”

“நிக்காது.”

“நிஜமாத்தானே?”

“தம்பி, நான் புகையிலைக்காரி. அறுக்கிற காலத்துல செடியை நிக்கவிட்ட பழக்கம் எனக்கு இல்லை.”

அவன் வண்டியில் ஏறிப் போனான்.

மறுநாள் விடிகாலையில் பஃபலோ மலையின் மேல் கருமேகம் கட்டியது. மழை விழுந்தால் இந்தச் செடியும் மொட்டிலேயே அழுகிவிடும். டெல்ஃபினா அரிவாளோடு இறங்கினாள். பனி பட்ட இலை முழங்கையை நனைத்தது. இதே நிலத்தில், இதே மாதிரிப் பனியில், ஈரப் புகையிலையை மார்போடு அணைத்துச் சுமந்து, நஞ்சு தோலில் ஏறி, வரப்பிலேயே குனிந்து வாந்தி எடுத்திருக்கிறாள். மூத்த மகன் வயிற்றில் இருக்கும்போதும் எடுத்தாள். அந்த இலைக்கு அரசாங்கம் முத்திரை குத்தி, தரம் பிரித்து, திருவிழா வைத்து, பாண்டு வாசித்துப் பரிசு கொடுத்தது. அதைப் புகைத்துப் புகைத்துத்தான் இலாரியோ இப்படி ஆனான் என்பது அவள் முடிவு. டாக்டர் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றார். அவளுக்கு டாக்டர் உறுதி தேவைப்படவில்லை. வாந்தி எடுக்க வைத்த இலைக்குப் பரிசு, வாந்தியை நிறுத்துகிற இலைக்குப் போலீஸ். அடிக்காம்பில் அரிவாளை வைத்து ஓங்கி இழுத்தாள்.

ஒரெஸ்தே கோணியோடு வந்து நின்றான். வெட்கம் இன்னும் அவன் தோளில் இருந்தது.

“அண்ணி, கோவிச்சுக்காம கேளுங்க. இதை நம்ம வைக்கோல் போருக்கு அடியில வச்சிருவோம். அவன் வந்து தலைகீழா நின்னாலும் கண்டுபுடிக்க முடியாது. புகையிலையை எத்தனை தடவை வச்சிருக்கோம்.”

“புகையிலை சூளையில வெந்து காஞ்ச பிறகு வச்சோம். இது பச்சை. வைக்கோலுக்கு அடியில போட்டா வேர்த்து, சூடேறி, பூத்துரும். உனக்குப் பூத்தா சந்தோஷமா இருக்கும்.”

“சரி, குத்தாதீங்க. அப்போ சூளையிலேயே போட்டு ஒரு ராத்திரி தீ மூட்டிருவோமா? போலீஸ்காரன் வர்றதுக்குள்ள மொறுமொறுன்னு ஆக்கிடறேன். நான் மூட்டாத தீயா?”

“தீ வச்சா காஞ்ச புல்லு வாடைதான் வரும். உங்கண்ணனுக்கு வேண்டியது அந்தப் பிசின்ல இருக்கு. அது சூட்டுல ஓடிப்போயிரும். ஆட்டுக்காரி தலையில அடிச்சுச் சொன்னா. இருட்டு வேணும், குளிர்ச்சி வேணும், மெதுவாக் காத்து வேணும்.”

“காத்து வர்ற இடம்னா ஆளும் வர்ற இடம் அண்ணி.”

“வரட்டும்.”

“என்னது?”

“ஒளிச்சு வச்சதாலதான் ஒரு செடி போச்சு. இதை ஒளிக்கப் போறதில்லை. சூளையில தொங்கும். தீ இல்லாம. மேல் ஜன்னலும் கீழ்க் கதவும் திறந்தே இருக்கும். அவன் வந்தா வரட்டும்.”

ஒரெஸ்தே தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “எங்கம்மா உங்களைப் பொண்ணு பார்த்துட்டு வந்தப்பவே சொன்னாங்க. அந்தப் பொண்ணு நல்லா உழைக்கும், ஆனா தலை கல்லு மாதிரின்னு.”

“கழியெல்லாம் எடுத்துட்டு வா. சலாமிக் கழி இல்லை. புதுசு. கொதிக்கிற தண்ணியில கழுவிட்டுக் கொண்டுவா. நீயும் கையைக் கழுவு.”

சூளை என்பது தகரக் கூரை போட்ட உயரமான செங்கல் அறை. உள்ளே பகலிலும் இருட்டு. தரையிலிருந்து கூரைவரைக்கும் குறுக்குக் கட்டைகள், ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காக. புகையிலைக் காலத்தில் ஒருவர் கட்டைக்கு ஒரு காலாக அகட்டி நின்றுகொண்டு, கீழிருந்து எடுத்துக் கொடுக்கிற கழிகளை வாங்கி மேல் அடுக்கிலிருந்து மாட்டிக்கொண்டே இறங்க வேண்டும். பெண்கள் கீழே நின்று கொடுப்பதுதான் வழக்கம். ஆள் பற்றாத வருஷங்களில் வழக்கத்தையெல்லாம் யார் பார்த்தார்கள். டெல்ஃபினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“அண்ணி, முழங்கால்!”

“முழங்கால் என்னோடது. கழியைக் குடு.”

பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, சின்ன இலைகளை மொட்டுக்குக் காவலாக விட்டு, கிளைக்கும் கிளைக்கும் கை நுழையும் இடைவெளி விட்டு மாட்டினாள். நல்ல கிளைகளெல்லாம் மேல் அடுக்கில். அடிக் கிளை ஒன்று மட்டும் சவலையாக இருந்தது. அதற்கு மேலே இடம் வீணாக்குவானேன் என்று கடைசியாக, இறங்கும்போது, தலைக்கு எட்டும் கட்டையில் தொங்கவிட்டாள். அவள் தரையைத் தொட்டபோது கூரைத் தகரத்தில் மழை இறங்கியது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு வேலை இல்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை சூளைக்குள் போவாள். மழை சாய்ந்து அடித்தால் மேல் ஜன்னலை ஒருக்களித்துச் சாத்துவாள். நின்றால் திறப்பாள். ஒரு காம்பைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்ப்பாள். வளைந்து கொடுக்கும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சடக்கென்று ஒடிய வேண்டும். வீட்டுக்குள் இலாரியோ பழைய ஜாடியின் கடைசித் தூளையும் தட்டி முடித்தான். மறுநாள் ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தாள், வந்துவிட்டது. சூப்பை வடிகட்டிக் கொடுத்தாள், வந்துவிட்டது.

“ஒடிஞ்சுதா?” என்று கேட்டான் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு.

“இன்னும் இல்லை.”

“நான் முந்திக்குவேன் போல.”

“வாயை மூடிட்டுப் படு.”

ரட்லெட்ஜ் சொன்னபடி வந்தான். டெல்ஃபினா சூளைக்கு முன்னால் முக்காலி போட்டு, மடியில் சுளகு வைத்து, காய்ந்த பீன்ஸை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சூளைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து வந்த வாடை நாலு முழத்துக்கு முன்னாலேயே ஆளை நிறுத்தும். ஒரெஸ்தே டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒன்றும் கெட்டுப்போகாத எஞ்சினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

ரட்லெட்ஜ் தோட்டத்தைப் பார்த்தான். செடி நின்ற இடத்தில் வெட்டிய அடிக்கட்டை.

“செடி எங்கம்மா?”

“நிக்கக் கூடாதுன்னே. நிக்கலை.”

“எங்க போச்சு?”

அவள் பீன்ஸ் தொலியோடு கட்டைவிரலைத் தோளுக்கு மேலே பின்பக்கம் காட்டினாள்.

டிராக்டருக்கு அடியில் ஏதோ இரும்பு கைதவறி விழுந்தது.

“ஒளிச்சு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்,” என்றான் ரட்லெட்ஜ். அவன் குரலில் கொஞ்சம் குறை இருந்தது. ஒளித்து வைத்திருந்தால், தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். அந்த வழியை அவன் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். ஒரு வாரம் தவணை கொடுத்தது அதற்குத்தான் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உறைத்தும் அவள் மசியவில்லை. “ஒளிச்சா பூசணம் புடிக்கும்.”

“நான் எடுத்துட்டுத்தான் போகணும். உங்களுக்குத் தெரியும்.”

“எடுத்துக்கோ. நான் ஒரு கையும் குடுக்க மாட்டேன். கட்டையில ஏறிக் கழட்டணும். என் மாமியார் ஏழு மாசப் பிள்ளையை வயித்துல வச்சுக்கிட்டு ஏறின கட்டை அது. அந்தப் பிள்ளைதான் டிராக்டருக்கு அடியில கிடக்கு. நீ ஏறலாம், உனக்கு வயித்துல ஒண்ணும் இல்லையே.”

“அண்ணி!” என்றது டிராக்டர்.

ரட்லெட்ஜ் காதுவரை சிவந்தான். குனிந்து உள்ளே போனான். அவள் எழுந்து வாசலில் நின்றுகொண்டாள். அவன் முதல் கட்டையில் காலை வைத்தான். எதிர்க் கட்டையில் மறுகாலை வைக்க வேண்டும். அகட்டினால் இஸ்திரி போட்ட கால்சட்டை இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது அடுக்குக்கு ஏறும்போது பூட்ஸ் வழுக்கி, கட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மேலே நிமிர்ந்து பார்த்தான். கறுப்பு. கறுப்புக்குள் கறுப்பாகக் கிளைகளின் வரிசை. தகரக் கூரையில் ஒரு துளை வழியே ஊசி மாதிரி வெளிச்சம் இறங்கி, மேலடுக்கு மொட்டு ஒன்றில் பட்டுப் பிசின் மினுங்கிற்று. அவன் அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

மேலே இன்னும் இருக்கு, எண்ணி எழுதிக்கோ என்று சொல்ல அவள் நாக்கு துறுதுறுத்தது. அவள் குணம் அது. யாரிடமும் ஒரு சலுகையும் வாங்கிப் பழக்கமில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது. இலாரியோ தண்ணீர் கேட்கிறான். குடிப்பான், வாந்தி எடுப்பான். அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வருஷப் பேச்சில் அவளாகவே விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ரட்லெட்ஜ் இறங்கினான். இறங்குகிறபோது தலையில் அந்தச் சவலைக் கிளை இடித்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மூச்சு வாங்கியது. சட்டை முழுக்கப் பழைய புகையிலைத் தூசி.

“ஒரு கிளை,” என்றான். “கைப்பற்றியது ஒரு கிளை. கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் காகிதம் வரும். வரணும்.”

“வருவேன்.”

“உள்ளே ரொம்ப இருட்டா இருக்கு.”

“இருட்டா இருக்கணும்னுதான் கட்டினது.”

அவன் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தான். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் சொல்லவில்லை. “அந்தக் கிளை இன்னும் காயலை,” என்றாள். “பிளாஸ்டிக் பையில போட்டு மூடாதே. காகிதத்துல வை. பூத்துரும்.”

வண்டி ரோட்டுக்குப் போய்த் திரும்பி மறைந்த பிறகு ஒரெஸ்தே டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய். “என்னை அம்மா வயித்துல வச்சு ஏறினதைப் போலீஸ்காரன்கிட்ட சொல்லணுமா?”

“வேற யார்கிட்ட சொல்றது. எழுந்து போய் உங்கண்ணனுக்குத் தண்ணி குடு.”

அந்த வாரக் கடைசியில் காம்பு ஒடிந்தது. சடக். அவள் இன்னொன்றை ஒடித்துப் பார்த்தாள். சடக். சின்ன இலைகளைக் கத்தரியால் நறுக்கி, மொட்டுகளைக் காம்பிலிருந்து பிரித்து, தக்காளிக் குழம்பு அடைக்கிற அகல ஜாடிகளைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, முக்கால் ஜாடிக்கு மட்டும் இட்டு மூடினாள். அழுத்தவில்லை. காய்ந்ததோடு வேலை முடிந்துவிடாது, பாடமாக வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கிற ஈரம் மெல்ல வெளியே வரும். தினம் மூடியைத் திறந்து காற்றுக் காட்டி, மோந்து பார்த்து, மொட்டுகளைப் புரட்டிவிட்டு மூட வேண்டும். ஒருநாள் சோம்பினாலும் ஜாடிக்குள்ளேயே நிலவறை பிறந்துவிடும்.

பச்சைவாடை போகும்வரை இலாரியோவுக்குக் கொடுக்கவில்லை. அவன் கெஞ்சினான், திட்டினான், மாதாவைச் சாட்சிக்கு அழைத்தான். அவள் ஜாடியைத் திறந்தாள், மோந்தாள், மூடினாள்.

கோர்ட்டுக் காகிதமும் வந்துவிட்டது. தேதி ஜூன் மாதம், பன்றி அறுக்கிற வாரத்தில் விழுந்தது. ஒரெஸ்தே அதைப் படித்துவிட்டு வக்கீலைப் பார்க்கலாம், வயதைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், பாதிரியாரிடம் ஒரு கடிதம் வாங்கலாம் என்று அடுக்கினான்.

“மன்னிப்பு எதுக்கு? என்னா செஞ்சேன்னு கேட்டா செஞ்சதைச் சொல்வேன். ஏன் செஞ்சேன்னு கேட்டா உங்கண்ணனைக் கூட்டிட்டுப் போய் நிறுத்துவேன்.”

“அண்ணனால நிக்க முடியாதே அண்ணி.”

“அதுக்குத்தான் இந்த ஜாடி.”

அடுப்படி மேசையில் ஜாடிகளை வரிசையாக வைத்து மூடிகளைத் திறந்தாள். இன்றைக்குப் புல்வாடை இல்லை. மிளகும் எலுமிச்சைத் தோலும் பைன்மரப் பிசினும் கலந்த மாதிரி ஒரு வாடை எழுந்து அறையை நிறைத்தது. ஒரெஸ்தே பதறிப்போய் ஜன்னலைச் சாத்தப் போனான். “ரோட்டுக்குப் போகுது அண்ணி!”

“திற.”

“அண்ணி…”

“திறடா. காத்து வரட்டும்.”

அவன் திறந்தான். அவள் ஒரு மொட்டை விரலால் பிளந்து, வெளிச்சத்தில் தூக்கி, நூல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தம். அதை உதிர்த்து இலாரியோவின் அப்பா வைத்திருந்த பைப்பில் இட்டு, அவன் கையில் கொடுத்து, தீக்குச்சி கிழித்தாள். இரண்டு இழுப்பு. மூன்றாவதுக்கு அவன் வாயைக் கொண்டுபோகப் பைப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம் தட்டில் களியை ஊற்றினாள். மேலே காளான் குழம்பு. அவன் முன்னால் வைத்துவிட்டு, வாந்திப் பாத்திரத்தைக் காலுக்கருகே தள்ளிவைத்து, எதிரில் உட்கார்ந்தாள். ஒரெஸ்தே ஜன்னலோரம் நின்றபடி ரோட்டைப் பார்ப்பதா அண்ணனைப் பார்ப்பதா என்று திண்டாடினான்.

இலாரியோ ஒரு கரண்டி எடுத்தான். விழுங்கினான். அவர்கள் காத்திருந்தார்கள். இன்னொரு கரண்டி. ரோட்டில் ஒரு வண்டி வேகம் குறைந்து, வாசலைக் கடந்து, மறுபடி வேகம் பிடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதித் தட்டு காலியானது. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். டெல்ஃபினாவின் கை பாத்திரத்துக்குப் போனது.

“உப்பே இல்லை,” என்றான் இலாரியோ. “இதை மனுஷன் திம்பானா?”